பட்டறைக்குள் ஒரு ரயில் பெட்டி

ராஜபாளையத்தில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். மரமும் இரும்பும் சேர்த்துப் பெரிய மாதிரி ரயில் பெட்டி செய்ய ஆசை. முதலில் எதை அளக்க வேண்டும்?

பட்டறை வாசலை! பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி 21 மீட்டருக்கு மேல் நீளம். எட்டில் ஒரு பங்காகச் செய்தாலே ஒன்பது அடியை நெருங்கிவிடும். தண்டவாளத்தை வெளிநாட்டில் வாங்கிவிடாதீர்கள். அங்கே பெரும்பாலும் 1,435 மி.மீ. கணக்கு. நம் அகலப்பாதை 1,676. எட்டில் ஒன்று 209.5 மி.மீ. நீங்களே அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்ஜின் இல்லாமல் ஓடுமா சார்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று வந்து இந்தக் கேள்வியைக் கேளுங்களேன்! ஆண்டாள் தேருக்கு இன்ஜினும் இல்லை, தண்டவாளமும் இல்லை. முட்டுக்கட்டை போடுகிறவர்தான் அங்கே டிரைவர். உங்கள் பெட்டியில் பிள்ளைகள் ஏறுவார்கள். பெயின்டுக்கு முன்னால் பிரேக்கை முடித்துவிடுங்கள்.