பாட்டி சொன்னது, பேராசிரியர் நிறுத்தது

கேள்வி: பசுவுக்கு மடிநோய் வந்தால் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசச் சொல்கிறார்களே, இது பாட்டி வைத்தியமா, ஆராய்ச்சியா?
– வாசகர், ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: இரண்டும்தான். பாட்டி கைக்கணக்கில் சொன்னதைப் பேராசிரியர் தராசில் நிறுத்துவிட்டார். உங்களுக்குப் பக்கத்துத் தஞ்சாவூரில், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மூலிகை ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி செய்த வேலை இது. கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50, சுண்ணாம்பு 15. தேசிய பால்வள வாரியமே இன்று இதைப் பரப்புகிறது.

மடியைச் சுத்தமாகக் கறந்து, கழுவி, விழுதைத் தண்ணீர்விட்டுக் கரைத்து வழிய வழியப் பூச வேண்டும். ஒருமுறை பூசிவிட்டு ஊர்க்கதை பேசப் போகக்கூடாது. நாளொன்றுக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள்! காம்புக்குள் எதையும் செலுத்தாதீர்கள்.

இதில் பால் குடிக்கும் நமக்கும் பங்கு உண்டு. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து தங்கும். டாக்டர் சொன்ன கெடு முடியுமுன் அந்தப் பாலை விற்பனைக்கு ஊற்றினால், மாட்டுக்குப் போட்ட மருந்து நம் வீட்டுக் குழந்தையின் டம்ளரில். கிருமிகளும் அந்த மருந்துக்குப் பழகிவிடும். ஊசியைக் குறைக்கும் எந்த ஆராய்ச்சியும் பெரிய ஆராய்ச்சிதான்.

தினமும் முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் தட்டில் பீய்ச்சிப் பாருங்கள். திரிதிரியாக இருந்தால் அன்றே பூசத் தொடங்கிவிடலாம். காய்ச்சல் அடித்து மாடு தீவனம் எடுக்காவிட்டால் அரைத்துக்கொண்டிருக்காதீர்கள், கால்நடை அவசர உதவி எண் 1962-க்குப் போன் போடுங்கள்.