செத்த பேட்டரிக்கு ஓய்வே கிடையாது

போன வாரம் விளம்பரம் அலறிக்கொண்டிருந்தபோது ரிமோட் படுத்துவிட்டது. பாலிங்கில் இதை எழுதுகிறவரின் வீட்டில்தான். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. லாச்சியைத் திறந்தால் பேட்டரிக்குப் பஞ்சமில்லை, எல்லாமே செத்தவை.

இவற்றைக் கொடுக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை. அதற்குமுன் ஒரு விஷயம்: நம் வீடுகளில் பேட்டரி ஒரே தடவையில் சாவதில்லை. முதலில் தலைலைட்டில் வேலை. வெளிச்சம் மங்கியதும் ரிமோட்டுக்கு மாற்றல். அங்கே முதுகில் நாலு தட்டு, பிறகு ஓர் உருட்டு, பிறகு இடம் வலம் மாற்றம், மாமா கைக்குப் போனால் பல்லால் ஒரு கடி. அடுத்து பாட்டியின் வைத்தியம்: மதிய வெயிலில், கருவாட்டுக்குப் பக்கத்தில் காயவைப்பது. சூட்டில் உள்ளிருக்கும் ரசாயனம் சற்றே வேகமெடுப்பதால் கொஞ்ச நேரம் ஓடியும் தொலைக்கும், பாட்டி ஜெயித்துவிடுவார். கடைசிப் பதவி சுவர்க்கடிகாரம். அதற்கு மின்சாரம் மிகக் கொஞ்சம் போதும் என்பதால், டார்ச்சில் செத்தது அங்கே மாதக்கணக்கில் ஓடும். பிறகு கடிகாரம் பிந்தும். அப்போதும் யாரும் மாற்றுவதில்லை. "பத்து நிமிசம் கூட்டிப் பாத்துக்க!" பேட்டரி கசிந்து, வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங்கை அரித்த பிறகே விடுதலை. அதுவும் மைலோ டின்னுக்குள்.

1955 டிசம்பர் 28, 29-இல் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் இதே ஊரில் பேசி, உடன்பாடில்லாமல் இரண்டே நாளில் எழுந்துவிட்டார்கள். மைலோ டின்னில் கிடக்கும் பேட்டரிகளை என்ன செய்வது என்ற எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தையோ வருடக்கணக்கில் நீள்கிறது. இத்தனைக்கும் நிக்கல்-காட்மியம், பாதரசம், லித்தியம் உள்ள பேட்டரிக் கழிவை மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிகள் அட்டவணைக் கழிவில், அதாவது அபாயக் கழிவுப் பட்டியலில், சேர்த்திருக்கின்றன. வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது நம் கெடாவில் 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். டின்னுக்கு இதெல்லாம் தெரியாது.

ரீசார்ஜ் பேட்டரி வாங்கலாமே என்றால், "அதுல பவர் பத்தாது" என்பார் மாமா. புதிதில் 1.5 வோல்ட் காட்டும் சாதா பேட்டரி ஓட ஓட இறங்கிக்கொண்டே போகும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரகம் தீரும் தறுவாய்வரை 1.2-ஐ ஒட்டியே நிற்கும். நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏறும். கடிகாரத்துக்கு அது வீண் செலவு, ஒப்புக்கொள்ளலாம். தலைலைட்டுக்கும் பிள்ளைகளின் பொம்மைக்கும் அதுதான் லாபம். சாதா ஆல்கலைன் பேட்டரி விற்பதை ஐக்கியாவே 2021-இல் கைவிட்டது. மாமாவோ பசார் மாலாமில் இன்னும் மலிவுப் பாக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

பாலிங் கடைக்காரர்களே, கல்லாவுக்குப் பக்கத்தில் செத்த பேட்டரிக்கு ஒரு பெட்டி வையுங்கள். கொண்டுவந்து போடுகிறவருக்குப் பத்துக் காசு கழிவு என்று எழுதி ஒட்டுங்கள். மாமா முதல் ஆளாக வருவார்.