சீக்கிரம் வந்துவிட்டீர்களே அக்கா!

2019-இல் மலேசிய அரசு, வருமானத்தில் கீழ் 40 சதவீதத்தில் உள்ள பி40 குடும்பங்களுக்கு இரண்டு திட்டங்களைத் தந்தது. ‘பெக்கா பி40’ சொன்னது: இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், நோயை முளையிலேயே பிடித்துவிடலாம். ‘மைசலாம்’ காப்புறுதி சொன்னது: புற்றுநோய்க்கு 8,000 ரிங்கிட் உண்டு, மிக ஆரம்பக் கட்டத்துக்கு மட்டும் கிடையாது. பினாங்கு கொம்தார் கட்டடத்தில் தரை துடைக்கும் அக்கா இரண்டையும் நம்பினால், கட்டியைச் சீக்கிரம் கண்டுபிடித்து, அது வளரும்வரை பொறுமையாக இருக்க வேண்டும்.

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டில் படுத்தால் நாளுக்கு 50 ரிங்கிட் தருவதாகவும் மைசலாம் சொன்னது. ஆண்டுக்கு 14 நாள் வரை. அதற்குள் குணமாகிவிடுவது அக்காவின் பொறுப்பு. சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 ரிங்கிட்தான், மலிவு, மறுக்கவில்லை. ஆனால் வரிசையில் காத்திருந்து போன அன்றைய கூலி? படுத்தால்தான் காசு அக்கா, உட்கார்ந்திருந்தால் கிடையாது.