முதலில் பிரேக்கை மாற்றுங்க, முதலாளி

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது இன்ஜின் ஏற்றுவதுதான் நம்ம திருப்பூர்ச் சின்ன முதலாளிகளின் இப்போதைய பக்தி. அப்பாக்கள் கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்தார்கள். பிள்ளைகள் ஒர்க்‌ஷாப்பில் காரைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். சொந்தக் காசு, சொந்தக் கார். அதில் நமக்கொன்றும் பொறாமையில்லை. ஆனால் அந்தக் காரின் மேல் அவர்கள் காட்டும் கருணை இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்ஜினைத் தூக்கி உள்ளே வைத்து நாலு போல்ட்டை முறுக்கினால் வேலை முடிந்துவிடாது. பழைய இன்ஜினின் பலத்துக்குச் செய்த சேஸிஸ் புது இன்ஜினின் முறுக்கைத் தாங்காது. வெல்டிங் வைத்துப் பலப்படுத்த வேண்டும். மவுண்டிங் புதிதாக அடிக்க வேண்டும். பழைய கிளட்ச் வழுக்கும், கியர்பாக்ஸில் பல் உதிரும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். இல்லாவிட்டால் முதல் மேட்டிலேயே கொதித்து நிற்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக். பழைய டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு புது இன்ஜின் கேட்கிறவரிடம் நல்ல மெக்கானிக் சொல்வது ஒன்றுதான்: "ஓடுறது பெருசில்லீங்க, நிக்கோணும்."

இன்ஜினின் விலையை விட மற்றவற்றின் செலவு அதிகம் என்று கேட்டும் சின்ன முதலாளி முகம் சுளிப்பதில்லை. "செலவப் பத்திக் கவலப்படாதீங்கண்ணா, வண்டிக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்கிறார். பீஸ் ரேட்டில் பத்துப் பைசா கூட்டிக் கேட்ட டைலரிடம் "நூல் விக்கிற விலை தெரியுமா உனக்கு?" என்று அன்று காலை சீறியதும் இதே வாய்தான்.

காரின் மேல் சட்டத்துக்கும் அக்கறை உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியில் கை வைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அனுமதியில்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு காருக்கு இத்தனை பந்தோபஸ்து. ஓர் ஊரின் இன்ஜினை மாற்றியவர்களுக்கு?

மாற்றினோமே! ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வட்டப் பின்னல் மெஷின்கள் வந்தன. சாயப்பட்டறைக்கு சாஃப்ட் ஃப்ளோ வந்தது. உள்ளூர் பனியன் தைத்த ஊர் உலகத்துக்கே டி-ஷர்ட் தைக்கத் தொடங்கியது. ஆர்.பி.எம். ஏறியது. ரேடியேட்டரை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அந்த வேலையை நொய்யல் ஆற்றின் தலையில் கட்டினார்கள். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவைத் தேக்கும் தொட்டியானது. கிணறு கெட்டது, நிலம் உப்பானது, விவசாயி கோர்ட்டுக்கு நடந்தான். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊருக்கு ரேடியேட்டர் ஞாபகம் வந்தது. ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாத சுத்திகரிப்பு அதுவரை முடியவே முடியாத காரியமாம். கதவில் பூட்டு விழுந்ததும் முடிந்துவிட்டது. அதற்கும் அரசாங்கம் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அணைக்குக் கீழே தென்னை கருகியவனுக்கு வட்டியில்லாமல் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்.

சேஸிஸைப் பார்ப்போம். இந்த இன்ஜினைச் சுமப்பது லைன் வீடு. பத்துக்குப் பத்து அறை, அதில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஐந்தாறு பையன்கள், கக்கூஸ் வாசலில் வரிசை. காலையில் கம்பெனி வேனில் நிற்க இடமில்லாமல் தொங்கும் பெண்கள். குப்பை கொட்ட இடமில்லாமல் பாறைக்குழி தேடி அலையும் மாநகராட்சி. தொழிலாளியின் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் மாதம் தவறியதில்லை. ஆனால் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு. இத்தனை ஆண்டு அன்னியச் செலாவணி ஈட்டிய ஊருக்கு அதுவரை அந்தக் கல்கூட இல்லை.

உடம்பு புதிது, உள்ளே பழையது என்ற வித்தையும் நமக்குத் தெரியாததல்ல. 1985-இல் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஒரு கார் விட்டது, ஸ்டாண்டர்ட் 2000. உடம்பு, 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கிய ரோவர் எஸ்.டி.1-உடையது. மூடியைத் திறந்தால் ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காலத்து இரண்டு லிட்டர் இன்ஜின். சில வருடங்களில் கம்பெனியே படுத்துவிட்டது. கார் படுத்தாலும் தத்துவம் படுக்கவில்லை. நம்மூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் அது அமோகமாக வாழ்கிறது. பையரின் ஆடிட் நாளில் போய்ப் பாருங்கள். தீயணைப்பு வழியில் அடுக்கிய அட்டைப் பெட்டிகள் மாயமாகும். கக்கூஸில் சோப்பு பிறக்கும். எட்டு மணி நேரம்தான் வேலை என்று ரிஜிஸ்டர் சத்தியம் செய்யும். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் ரோவரின் மூடி திறந்து வேன்கார்ட் இருமத் தொடங்கும்.

இனி பிரேக்குக்கு வருவோம். இந்த வண்டியில் ஒரே ஒரு பிரேக் உண்டு. அது தொழிலாளியின் காலடியில் இருக்கிறது. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்து மிதித்தார்கள். முதலாளியின் கனவில் இன்னமும் அந்த டயர் தேயும் சத்தம் கேட்கிறது போலும். அதனால் பிரேக்கை ரிப்பேர் செய்கிற பொறுப்பை அரசாங்கங்களே எடுத்துக்கொண்டன.

மாநில அரசு 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே கொதிக்க, மூன்றே நாளில் நிறுத்தி வைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. திருப்பூர் சிரித்திருக்கும். ஒன்றரை ஷிஃப்ட் என்ற பெயரில் இங்கே 12 மணி நேரம் எந்தச் சட்டமும் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. கோட்டையிலிருந்து அதற்கு ஓட்டுப் போட ஏன் இத்தனை அவசரம்?

மத்திய அரசு இன்னும் கெட்டிக்கார மெக்கானிக். பழைய 29 தொழிலாளர் சட்டங்களைக் கழற்றி, நான்கு தொகுப்புகளை ஏற்றி, 2025 நவம்பர் 21 அன்று சாவியைத் திருகியது. ஆட்குறைப்புக்கு முன்அனுமதி வாங்க வேண்டிய ஆலையின் அளவு 100 தொழிலாளிகளிலிருந்து 300 ஆனது. வேலைநிறுத்தம் என்றால், எந்தத் தொழிலானாலும், நோட்டீஸ் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும். அதாவது இன்று பிரேக்கை மிதித்தால் 14 நாள் கழித்துப் பிடிக்கும். இப்படி ஒரு பிரேக்கைச் சின்ன முதலாளியின் காரில் மாட்டிக் கொடுத்துப் பாருங்கள். மெக்கானிக் ஊரை விட்டே ஓட வேண்டியிருக்கும்.

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது வண்டி மோதியது. முதலாளிமார் சங்கங்கள் டெல்லியிடம் கடன் தவணைக்கு அவகாசம் கேட்டன, வட்டிச் சலுகை கேட்டன. கேட்கட்டும், ஏர்பேக் எல்லோருக்கும் வேண்டும்தான். ஆனால் செக்கிங் டேபிளிலும் கைமடியிலும் நின்ற பெண்களுக்கு எந்த சீட்டில் ஏர்பேக் இருந்தது? ஷிஃப்ட் இல்லையென்றால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லையென்றால் பின் சீட்டுக்காரர் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். சேதம் கணக்கெடுக்கும்போது அவர்கள் வண்டியிலேயே இருக்க மாட்டார்கள்.

முதலாளி, உங்கள் காரைக் குறை சொல்லவில்லை. அதற்குச் செய்வதைத்தான் ஊருக்கும் கேட்கிறோம். குடியிருக்கத் தகுந்த விடுதி, உட்கார்ந்து போக பஸ், மருந்தும் மருத்துவரும் உள்ள இ.எஸ்.ஐ., எட்டு மணி நேரத்துக்கு வயிறு நிறையும் கூலி, அதற்கு மேல் நின்றால் சட்டப்படி இரட்டைச் சம்பளம், ஆடிட் இல்லாத நாளிலும் திறந்திருக்கும் தீயணைப்பு வழி. இவை தர்மம் அல்ல, வண்டியின் பாகங்கள். அடுத்த கூலி ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது நூல் விலையைச் சொல்லித் தொடங்காதீர்கள். இவற்றுக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதி எடுத்து வாருங்கள். உங்கள் ஒர்க்‌ஷாப் பில்லையும் பக்கத்தில் வையுங்கள்.