அஞ்சலிச் செயலாளர்

செப்டம்பர் பிறந்துவிட்டால், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், பிரம்மதேசத்து டீக்கடைப் பெஞ்சுகளில் சாவகாசமாக உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் கண்ணியமான கனவான்கள்கூட, தூரத்தில் ஒரு குறிப்பிட்ட மோட்டார் சைக்கிளின் சப்தம் கேட்ட மாத்திரத்தில், பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, கழனிக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்த்துவர அவசரமாகப் புறப்பட்டுவிடுவதைக் காணலாம். அவர்களில் பாதிப் பேருக்குக் கழனியே கிடையாது. வருகிறவர் கடன்காரரும் அல்லர், கோர்ட்டு அமீனாவும் அல்லர். ஒரு சங்கீத ரசிகர். அவர் அக்குளில் இடுக்கியிருக்கும் ரெக்ஸின் பைக்குள் ஒரு ரசீதுப் புத்தகம் இருக்கிறது. அதன் ஒவ்வொரு தாளிலும் மறைந்த பின்னணிப் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் சிரித்த முகம், தபால்தலை அளவில், ‘ரூபாய்’ என்ற சொல்லுக்கு நேர் மேலே அச்சாகியிருக்கிறது. இவரே நமது அஞ்சலிச் செயலாளர்.

இவருடைய அபிமானம் வேஷமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். 2020-ஆம் வருஷம் செப்டம்பர் 25-ஆம் தேதி பகலில் பாலசுப்பிரமணியம் சென்னையில் காலமானார் என்ற செய்தி வந்தபோது, தொற்றுக்காலத்துக் கட்டுப்பாடுகளினால் எங்கும் போகமுடியாமல், மறுநாள் தாமரைப்பாக்கத்தில் நடந்த நல்லடக்கத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவண்ணம், தம் வீட்டு வாசலில் ஒரு நாற்காலியில் படத்தை வைத்து மாலை சாத்தி, அதன் எதிரில் குந்தி அவர் விம்மி விம்மி அழுததைத் தெரு முழுவதும் பார்த்திருக்கிறது. ஆனால் அந்த அழுகையின் நடுவிலேயே, ‘நாற்காலி போதாது, பந்தல் போட்டிருக்க வேண்டும்’ என்ற எண்ணம் அவருக்கு உதயமாயிற்று என்றும், விழாக் குழுவின் உற்பத்தி ஸ்தானம் அதுவே என்றும் அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஜீவனத்துக்கு அவர் செய்வது உப்பு லாரிகளுக்கு வாடகை பேசிவிடும் தரகு. கைப்பேசியின் அழைப்பு மணி பாலுவின் குரல்தான். ஆயினும் லாரி விஷயம் ஆகையால், பல்லவியின் முதலிரண்டு சொற்களுக்கு மேல் பாடுவதற்கு அந்தக் குரலை அவர் அனுமதிப்பதில்லை. நான் அறிந்தவரை, கடந்த சில வருஷங்களில் தம் அபிமானப் பாடகரை அவர் கேட்டிருப்பதெல்லாம் இப்படித் தவணை முறையில்தான்.

விழாக் குழுவில் தலைவர், கௌரவத் தலைவர், செயல் தலைவர், துணைத் தலைவர்கள், பொருளாளர், ஒலி ஒளிப் பொறுப்பாளர், நாற்காலி ஒருங்கிணைப்பாளர் எனப் பதவிகள் ஏராளமாக உண்டே தவிர, சாதாரண உறுப்பினர் என்று ஒரு பிராணிகூடக் கிடையாது; பதவி இல்லாமல் நாற்காலி தூக்க இக்காலத்தில் எவர் சம்மதிப்பார்? இத்தனை பேருக்கும் பதவி வழங்கிய செயலாளர், தமக்கு மட்டும் அடக்கமாகச் ‘செயலாளர்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது அவருடைய ராஜதந்திரம். ரசீதுப் புத்தகம் அவரிடம் அல்லவா இருக்கிறது!

இந்தக் கரைக்குப் பாணரும் பரிசிலும் புதிதல்ல. சங்ககாலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், சிறுபாணாற்றுப்படையின் 269 அடிகளிலும், பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வள்ளலின் இருப்பிடத்துக்கு வழி சொல்லும் சம்பிரதாயத்தை அழகாக நடத்திக் காட்டியிருக்கிறார். அதில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது என்பதும், எயிற்பட்டினம் மரக்காணமே என்பதும் ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. நம் செயலாளரின் காலத்தில் அந்தச் சம்பிரதாயம் சற்றே தலைகீழாகியிருக்கிறது. இப்போது வழி சொல்கிறவர், பரிசில் பெற்றவர் அல்லர், கொடுத்து மாட்டிக்கொண்டவர். “என்கிட்ட ஐநூறு வாங்கிட்டீங்க. கோடி வூட்டுக்காரரு இன்னும் தரலியே? அவரு இப்ப வூட்லதான் கீறாரு. முன்னால போனா இல்லன்னுடுவாங்க, பின்பக்கமா போங்க” என்று அவர் கைகாட்டும் உற்சாகத்தைப் பார்த்தால், நத்தத்தனாரே வந்து ஏடும் எழுத்தாணியும் கேட்டிருப்பார்.

சில்லறை வசூல் முடிந்ததும் மரக்காணத்துக்குப் படையெடுப்பு. அங்கே தை மாசியில் பாத்தி கட்டித் தொடங்கும் உப்பு வேலை, வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் முடிந்துவிடும்; ஆகவே செப்டம்பர் கடைசி என்பது, உப்பள முதலாளி என்பவர் எதிரில் நிற்பவர் முகத்தைப் பாராமல் ஆகாயத்தைப் பார்த்தே பேசும் பருவம். அப்பேர்ப்பட்ட ஒருவருக்கும் செயலாளருக்கும் வரப்பின்மேல் நின்றபடி நடந்த சம்பாஷணை இது:

“மொதலாளி, உங்க பேரு இல்லாம நோட்டீசு அடிச்சா நல்லா இருக்குமா?”

“மழ வர்ற மாசத்துல கச்சேரி வெக்கிறீங்களேப்பா. குவிச்ச உப்ப மூட கீத்து கெடைக்காம நானே தவிச்சிக்கினு கீறேன்.”

“அவரு போன தேதிய நாமளா மாத்த முடியும்?”

“பொறந்த நாளு எப்ப?”

“ஜூன் நாலு, மொதலாளி.”

“நல்ல வெயிலு, நல்ல வெளச்சலு. அப்ப வெச்சிருக்கலாமில்ல?”

“அப்பவும் வெக்கப்போறோம், மொதலாளி.”

முதலாளி முதன்முறையாக ஆகாயத்தை விட்டு இவரைப் பார்த்தார். முடிவில் கணிசமான தொகை ஒன்றைக் கொடுக்க இசைந்தார், ஒரு நிபந்தனையின் பேரில்: விழா முடிந்த மறுநாள் காலையில் பிளெக்ஸ் பேனர்கள் யாவும், கிழியாமல், உப்புக் குவியல்களின்மேல் போர்த்துவதற்காகத் தம் அளத்துக்கு வந்து சேரவேண்டும். இதன் பயனாக, அந்த வருஷத்துப் பேனர்களின் நீள அகலம் சாலையையோ மேடையையோ உத்தேசித்து நிர்ணயிக்கப்படாமல், குவியல்களை உத்தேசித்து நிர்ணயிக்கப்பட்டது. ஊரார் அதன் பிரம்மாண்டத்தைப் பார்த்து அபிமானத்தின் ஆழம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

அடுத்தது நோட்டீஸ். முதல் மாதிரியில் தாளின் முக்கால்வாசியை நிறைத்துக்கொண்டு ஒலிவாங்கியின் முன் நிற்கும் பாலசுப்பிரமணியம், தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை ஆகியோரின் படங்கள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைய நுழைய, நாகரிகமுள்ள மனிதர் ஆகையால் ஒதுங்கிக்கொண்டே போய், மூன்றாம் மாதிரியில் அச்சகத்தின் விலாசத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பந்தல்காரருடைய படம் அவருடையதைக் காட்டிலும் ஒரு விரற்கடை பெரிது. “பாலு சார எல்லாருக்கும் தெரியும் சார். இவர யாருக்குத் தெரியும்?” என்று செயலாளர் என்னிடம் சொன்ன சமாதானத்தில் தர்க்கப்பிழை எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

பாட்டுப் பட்டியல் தயாரிக்கும் கூட்டத்துக்கு நிகரான காட்சியை நாம் சட்டசபையில்தான் பார்க்கலாம். கௌரவத் தலைவர் 1969-ஆம் வருஷத்து அடிமைப்பெண்ணில் தொடங்கவேண்டும் என்பவர். அப்போது இளைஞராயிருந்த பாலுவுக்கு டைபாய்டு கண்டதையும், எம்.ஜி.ஆர். வேறு பாடகரை நாடாமல் அவர் குணமாகும்வரை காத்திருந்ததையும், தாமே கஞ்சி வைத்துக் கொடுத்தவர் போன்ற பாவனையில் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுவார். நடுவயதினர் இளையராஜா காலத்தைத் தாண்ட ஒருப்படமாட்டார்கள். பையன்களுக்கோ ரஜினிகாந்த் திரையில் தோன்றும் பாட்டுக்கள் போதும். பாடகர் மறைந்த மறுவருஷம் வெளிவந்த அண்ணாத்த வரைக்கும் அந்தச் சரக்குக்குக் குறைவில்லை.

இதற்கிடையில், 2017-ஆம் வருஷம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த பாலசுப்பிரமணியத்துக்கே, தம் பாடல்களை அனுமதியின்றிப் பாடலாகாது என்று இளையராஜா தரப்பில் வக்கீல் நோட்டீஸ் போன விஷயத்தை ஒருவர் பிரஸ்தாபித்துவிட்டார். பாலு நடத்திய பழைய மெல்லிசைக் குழுவில் கிதாரும் ஆர்மோனியமும் வாசித்த சிநேகிதரே அப்படிச் செய்தார் என்றால், பிரம்மதேசத்தைச் சும்மா விடுவாரா? பொருளாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. செயலாளருக்கோ அது பிரகாசித்தது. “வரட்டுமே! இளையராஜாகிட்டயிருந்து நம்ம ஊரு பேரு போட்டு ஒரு கடுதாசி வருதுன்னா சும்மாவா? கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிட மாட்டேன்?” என்றார். அன்றிலிருந்து தபால்காரரைக் கண்டால் ஆவலுடன் எழுந்து நிற்பதும், ஏமாற்றத்துடன் உட்காருவதும் அவருக்கு வழக்கமாகிவிட்டது.

பிறகு பாடகர் தேர்வு. சுற்றுவட்டாரத்தில் ‘சின்ன எஸ்.பி.பி.’ என்ற பட்டம் தரித்தவர்கள் மூவர் உண்டு. ஒருவருக்குக் குரலும், ஒருவருக்குச் சிரிப்பும், மூன்றாமவருக்குச் சரீரமும் ஒத்திருக்கின்றன. கடல்கடந்த தேசங்களில், ராக் இசைக்குழுக்களை நேசிக்கும் ரசிகர்கள், ஆண்டுதோறும் ஆகஸ்டில் லிவர்பூல் நகரத்தில் கூடி, பல நாட்டுக் குழுவினர் பீட்டில்ஸ் நால்வரைப் போலவே முடியும் உடுப்பும் வைத்துக்கொண்டு பாடுவதை ஒரு வாரம் கேட்டு மகிழ்கிறார்களாம். அங்கே நால்வரைப்போல் நால்வர் வேண்டியிருக்கிறது. இங்கே மூவரைச் சேர்த்து ஒருவரை உண்டாக்குகிறோம். குரல்காரர் பாடுவார், சரீரக்காரர் குத்துவிளக்கு ஏற்றுவார், சிரிப்புக்காரர் பாட்டுக்குப் பாட்டு நடுவே வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். கரோக்கியில் சிக்கனமாக முடித்துவிடலாம் என்று பொருளாளர் கெஞ்சியும், “செத்தவருக்குப் பொட்டியில பாட்டா?” என்று ஒரே கேள்வியில் அவரை மடக்கி, முழு வாத்தியங்களோடு கூடிய மெல்லிசைக் குழுவுக்கே முன்பணம் கொடுத்துவிட்டார் செயலாளர்.

விழா நாளன்று அந்தக் குழு நேரத்துக்கு வந்து சேரவில்லை. பிரம்மதேசம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஊர்கள் பல. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, ராஜேந்திர சோழன் உயிர்நீத்த இடம் என்று சொல்லப்படுகிற செய்யாற்றுப் பக்கத்தில் ஒன்று, போதாக்குறைக்கு இதே விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரத்தை அடுத்துச் சோழர் காலக் கோயில்களோடு மற்றொன்று. வேன் ஓட்டிவந்த பிள்ளையாண்டான், கைப்பேசி காட்டிய பாதையை வேதவாக்காகக் கொண்டு, இந்தக் கடைசி ஊரில் போய், கோயில் வாசலில் டிரம்செட் முதலிய சகல வாத்தியங்களையும் இறக்கிவைத்துவிட்டு, “செயலாளர் யாருங்க?” என்று விசாரித்திருக்கிறான். அங்கும் அந்த வர்க்கத்தில் ஒருவர் தயாராக இருந்திருந்தால், கச்சேரி அங்கேயே நடந்து முடிந்திருக்கும். தெய்வாதீனமாக அன்றைக்கு அவர் ஊரில் இல்லை போலும்.

குழு ஒருவழியாக வந்து சேர, ஆறு மணி என்று அச்சிட்ட நிகழ்ச்சி எட்டேகாலுக்குத் தொடங்கிற்று. இரவு பத்துக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். எஞ்சிய நேரத்தில், நோட்டீசில் படம் போட்டவர்கள் அனைவரும் பேசியாக வேண்டும்; பேசியவர்கள் அனைவருக்கும் பொன்னாடை போர்த்தியாக வேண்டும். வாங்கியிருந்த ஆடைகள் பாதிப் பேருக்கே கண்டபடியால், மேடையின் இடப்புறம் போர்த்தப்பெற்ற பெரியவர் வலப்புறம் இறங்கும்போது நாற்காலி ஒருங்கிணைப்பாளர் அதை மரியாதையாக வாங்கி, பின்பக்கமாக ஓடி, அடுத்தவருக்காக மீண்டும் தட்டில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். காவி நிறச் சரிகை போட்ட ஓர் ஆடை, என் கண்ணெதிரில், இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துத் தலைவரையும் கௌரவித்தது.

பாட்டுக்குக் கிடைத்தது முக்கால் மணி. அதில் முக்கியமானது, 1990-ஆம் வருஷம் வந்த கேளடி கண்மணியில் மூச்சுவிடாமல் பாடியதாகப் பிரசித்தி பெற்ற அந்தப் பாட்டு. எஸ்.பி.பி. அஞ்சலி என்றால் அதைப் பாடாமல் விடுவது சம்பிரதாய விரோதம். குரல்காரர் கம்பீரமாகவே ஆரம்பித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. முகம் சிவந்து, பின்பு வேறொரு நிறத்துக்குப் போகத் தொடங்கியபோது, ஒலிவாங்கியைச் சட்டென்று ஜனங்களின் பக்கம் நீட்டினார். ஜனங்கள் ஆரவாரித்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் மறைவில் அவர் இழுத்துக்கொண்ட மூச்சு, பேஸ் கிதாரோடு சேர்ந்து, கடைசி வரிசைவரை இனிமையாகக் கேட்டது. என்னைக் கேட்டால், அன்றைய நிகழ்ச்சியிலேயே மிகவும் உருக்கமாயிருந்தது அதுதான். பிராணாபாயத்தைப் பொருட்படுத்தாத அஞ்சலியை நாம் அடிக்கடி காண்பதில்லை.

இத்தனையும் நடக்கும்போது செயலாளர் எங்கே? மேடைக்குப் பின்னால், முழங்கால்வரை சுருட்டிய வேஷ்டியோடு, டீசல் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்று, வேன்காரருக்கு இரண்டு பிரம்மதேசத்துக்கும் சேர்த்து வாடகை தரமுடியாது என்று வாதாடிக்கொண்டிருந்தார். மணி பத்தடிக்கக் கடைசிப் பாட்டும் ஓய்ந்து, விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கியபிறகு, கையெல்லாம் எண்ணெயுடன் என்னிடம் ஓடிவந்தார். “சார், பாட்டெல்லாம் எப்படி இருந்திச்சி? அந்த மூச்சு வுடாத பாட்டு பாடினாரா?” என்றார். ஜெனரேட்டரின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பிரமாதம் என்று சொன்னேன். கண்கள் பனித்துவிட்டன அவருக்கு. எனக்கும் ஒரு மாதிரியாய்த்தான் இருந்தது.

மறுவாரம் வரவுசெலவுக் கூட்டம். பொன்னாடைகளில் இரண்டு குறைந்தன. வேன் வாடகை கூடியிருந்தது. நோட்டீசில் தம் படம் பந்தல்காரருக்குக் கீழே போனதைத் துணைத் தலைவர்களில் ஒருவர் அதுவரை நெஞ்சில் வைத்திருந்தவர், அப்போது எடுத்து வெளியில் வைத்தார். விளைவாக இந்த வருஷம் பிரம்மதேசத்தில் எஸ்.பி.பி. நினைவுக் குழுக்கள் இரண்டு. இரண்டுக்கும் அதே தேதி, அதே பாட்டுப் பட்டியல். தெருவின் இரு கோடியில் இரு மேடை. சின்ன எஸ்.பி.பி.க்களில் குரல்காரர் ஒரு கட்சிக்கும் சரீரக்காரர் மறு கட்சிக்கும் போய்விட, சிரிப்புக்காரர் மட்டும் இரண்டு இடத்திலும் சிரிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இரு செயலாளர்களும், ஒருவர்பின் ஒருவராக, மரக்காணத்துக்குப் போய் உப்பள முதலாளியைக் கண்டார்கள். அவர் முகம் கோணாமல் இருவருக்கும் கொடுத்தார், பழைய நிபந்தனையை நினைவூட்டினார், பிறகு மேற்கே கறுத்திருந்த வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, “இன்னொரு கோஷ்டி பிரிஞ்சாலும் கூச்சப்படாம வாங்கப்பா. வடக்கு பாத்தியாண்ட ஒரு குவியலு இன்னும் மூடாமதான் கெடக்குது” என்றார்.