வன்னிக் கலை மேடைக்கு ஒரு வாழ்த்து

எங்கள் மாவட்டங்களின் கலைவிழாக் குழுவினரையும் நாடகக்காரரையும் கவிஞர்களையும் மனமாரப் புகழ வேண்டுமென்பது எனக்கு வெகுநாள் ஆசை. மன்னர்களிடம் நீங்கள் காட்டும் விசுவாசம் சாமானியமானதல்ல. 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளையரிடமிருந்து பிடித்ததும், அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க்கின் படையிடம் தோற்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். முல்லைமணி அவனை நாடகமாக்கினார். கடலுக்கு அப்பால் கருணாநிதி நாவலாக்கினார். வவுனியாவில் அவனுக்குச் சிலை நிற்கிறது. வெள்ளைக்காரன் தன் வெற்றியைச் சொல்ல நட்ட கல்லையே தோற்றவனுக்கான நினைவுக்கல்லாக எண்ணிப் பூப்போடத் தெரிந்தவர்கள் நாங்கள். தோல்வியைக் கலையால் வெல்லும் அந்த வல்லமையை நான் உண்மையாகவே வணங்குகிறேன்.

அந்த வல்லமையை யாருக்கெல்லாம் செலவழிக்கக் கூடாது என்பதிலும் நீங்கள் தெளிவாக இருக்கிறீர்கள். அதற்கும் என் பாராட்டு.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. கோவிந்தனின் குடும்பத்துக்காக கொல்வின் ஆர். டி சில்வா அதன் முன் வாதாடினார். அந்தத் தோட்டத்து வழக்குகளை எப்படிக் கையாள்வது என்பதில் ஆளுநர் கால்டிகொட்டுக்கும் அமைச்சர்களுக்கும் மூண்ட பிணக்கு, அமைச்சர் குழாமே பதவி விலகும் அளவுக்குப் போனது. லயத்துக் காம்பராவில் கிடந்த ஒருவரின் சாவு கொழும்பு அரசாங்கத்தை உலுக்கியது. நாடகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பிரட்டுக் களம் இருக்கிறது, கங்காணி இருக்கிறார், துப்பாக்கி இருக்கிறது, நீதிமன்றக் காட்சி இருக்கிறது. இத்தனை இருந்தும் நான் பார்த்த எந்த வன்னி மேடையிலும் கோவிந்தன் ஏறவில்லை. கைக்கெட்டிய கதையை இவ்வளவு காலம் தொடாமல் வைத்திருக்க எத்தனை கட்டுப்பாடு வேண்டும்!

‘அது மலைநாட்டுக் கதை, எங்களுக்கேன்’ என்பீர்கள். எல்லை காப்பதில் உங்களுக்கு நிகர் நீங்கள்தான். ஆனால் அந்தக் கதையின் பேரப்பிள்ளைகள் எல்லை தாண்டி வந்து எத்தனை காலமாயிற்று! 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை ஆடுமாடு போல் தலை எண்ணி, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. 1977 கலவரத்தில் அடிபட்டவர்கள் குழந்தை குட்டிகளோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தார்கள். காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியேற்றியது. அதை நடத்திய மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். மலையாளபுரம், பாரதிபுரம், ஜெயபுரம் என்று இன்று நாங்கள் பஸ்ஸில் கடந்துபோகும் ஊர்களில் காடு வெட்டியவர்கள் அவர்கள். வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல் முன்னே வந்தவர்களுக்கு, மேட்டுக்காணி பின்னே வந்தவர்களுக்கு என்று நிலம் தானாகவே நியாயம் பிரித்துக்கொண்டது. அடுத்தவன் வயலில் நாற்று நட்டு, அருவி வெட்டி, சூடடித்து அவர்கள் எங்களுக்குச் சோறு போட்டார்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை; அவர்களை அழைப்பதற்கென்று தனியாக ஒரு பெயர் வைத்துக் கொடுத்தோம். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் தலைவரை நாங்கள் மறக்கவில்லை. கிளிநொச்சியில் தொண்டமான்நகர் இருக்கிறது. கோவிந்தன்நகர் இல்லை. பெயர்ப்பலகைக்கும் ஒரு தகுதி வேண்டும் என்று தீர்மானித்தவர்களின் நுட்பத்தை என்னவென்பது!

உலகத்தில் எல்லாரும் இவ்வளவு நுட்பமானவர்கள் அல்லர். வேல்ஸ் தேசத்து மக்களைப் பாருங்கள். 1831இல் மெர்தர் டிட்வில் என்ற இரும்பாலை ஊரில் தொழிலாளர் எழுந்தார்கள். டிக் பெண்டெரின் என்ற இருபத்துமூன்று வயதுச் சுரங்கத் தொழிலாளியை ஓகஸ்ட் 13 அன்று கார்டிஃபில் தூக்கிலிட்டார்கள். அரசனுமல்ல, தளபதியுமல்ல. அவனுக்காகப் பாட்டுக் கட்டினார்கள், நாடகம் போட்டார்கள், அலெக்சாந்தர் கோர்டெல் 1972இல் நாவல் எழுதினார். 1839 நவம்பர் 4 அன்று நியூபோர்ட்டில் வாக்குரிமை கேட்டு வந்த சுரங்கத் தொழிலாளரும் இரும்பாலைக்காரரும் சுடப்பட்டு இருபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். 1978இல் கென்னத் பட் என்ற கலைஞர் அந்த நிகழ்வை 35 மீற்றர் நீளச் சுவரில் வண்ணச் சில்லுகளால் பதித்தார். 2013 ஒக்டோபரில் கடைத்தொகுதி கட்டுவதற்காக நகரசபையே இயந்திரம் கொண்டுவந்து அதை உடைத்தது. ஊர்மக்கள் வீதியில் நின்று கத்தினார்கள், அழுதார்கள். பாருங்கள், எவ்வளவு வீண் செலவு! கட்டுவதற்குக் காசு, உடைப்பதற்குக் காசு, அழுவதற்குக் கண்ணீர். உங்கள் வழியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எழுப்பாத சுவரை எந்த நகரசபையும் இடிக்க முடியாது. எங்கள் நினைவுக்கற்கள் எத்தனையை யாரெல்லாமோ இடித்தார்கள் என்று நாங்கள் கொதிக்கிறோம், கொதிப்பது நியாயம். ஆனால் கோவிந்தன் விடயத்தில் இடிப்பவனுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்காத முன்யோசனை எங்களுடையதே.

மலையகக் கலையை நீங்கள் ஒதுக்கவே இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். காலையில் தோட்டத்தை எழுப்பிய தப்பு, இன்று விழா வாசலில் பிரதம விருந்தினரை எழுப்பமாக அழைத்துவருகிறது. அடிக்கும் பிள்ளைகள் வியர்க்க வியர்க்க மேடைப்படி வரை வருவார்கள். விருந்தினர் மேலே ஏறுவார். பிள்ளைகளுக்குப் படிக்கட்டு ஏறும் சிரமத்தைக் கொடுக்காமல் பக்கத்தில் நிறுத்திச் சோடா கொடுக்கும் பண்பு உங்களிடம் இருக்கிறது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று அந்தச் சனம் விடிய விடிய ஆடக்கூடியவர்கள். நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவீர்கள். பொன்னாடை நீண்டுபோனால் அதுவும் ஐந்தாகும். பண்டாரவன்னியன் நாடகத்திலும் அவர்களுக்கு இடமுண்டு. வேல் பிடித்து வரிசையில் நிற்கும் படைவீரருக்கு வசனம் கிடையாது. அந்தப் பாத்திரங்களை அவர்களுக்கே தந்திருக்கிறீர்கள்.

2023இல் மலையகத்தார் தங்கள் முன்னோர் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை கால்நடையாகப் போனார்கள். கோப்பித் தோட்டத்துக்குப் போகும் வழியில் செத்து விழுந்தவர்களின் பாதை அது; எங்கள் வன்னிக் காட்டு ஓரத்தால்தான் போகிறது. அந்த எலும்புகள் எங்கள் மண்ணில்தான் உக்கின. அதைப்பற்றியும் ஒரு கூத்துக்கூட எழுதாமல் மண்ணின் மைந்தர் என்ற பட்டத்தை நாங்கள் சுத்தமாகக் காத்திருக்கிறோம்.

வரும் ஆண்டு விழாவுக்கும் என் வாழ்த்து. மேடை இருக்கிறது, மின்விளக்கு இருக்கிறது, முல்லை மோடியில் கோவலன் கூத்தைத் தலைமுறை தலைமுறையாய்க் கண் மூடாமல் பார்க்கும் சனம் இருக்கிறது. அரசன் தவறிக் கொன்ற ஒரு வணிகனுக்காக ஊரே அழக் கூடிய நிலம் இது. தப்பு அடிக்க மலையாளபுரத்துப் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். பொலிஸ் சுட்டுக் கொன்ற ஒரு கூலிக்காக அதில் ஒரே ஒரு இரவைக்கூடச் செலவழித்துவிடாத உங்கள் சிக்கனத்துக்கு, முதல் வரிசையில் இருந்து நான் கைதட்டுவேன்.