திருப்பிப் படிக்காதேடா பேராண்டி

மேற்கு மாம்பலத்துக் கொசுவை அடிச்சுக்கிட்டே 'பொன்னியின் செல்வ'னை மறுபடியும் படிக்கப்போறேங்கிறியே, வேணாம்டா. படிச்ச புத்தகத்தை அலமாரியிலே வச்சுப் பூட்டிடு. பத்து வருஷம் கழிச்சு எடுத்தியோ, உன் வண்டவாளத்தை உனக்கே சொல்லிடும்.

என்னைப் பாரு. 1950-லே கல்கியிலே ஆரம்பிச்சு 54 வரைக்கும் தொடராக வந்துச்சு. எங்க அக்கா சத்தம்போட்டு வாசிக்கும். மணியம் போட்ட படத்தை யார் முதல்லே பார்க்கறதுன்னு எங்களுக்குள்ளே அடிதடி. அப்போ நான்தான் வந்தியத்தேவன். குதிரை இல்லே, அப்பாவோட வண்டிமாடு இருந்துச்சு.

கல்யாணமாகி நாலு காசு கையிலே புரண்டப்புறம் எடுத்தேன். வந்தியத்தேவன் வேலைவெட்டி இல்லாம ஊர் சுத்தற பயலாத் தெரிஞ்சான். கஜானா சாவியை வச்சிருக்கற பெரிய பழுவேட்டரையர்மேலே மரியாதை வந்துடுச்சு. உடம்பிலே 64 விழுப்புண் வாங்கிட்டு, அதுக்கும் மேலே ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்ட மனுஷன்! வீரன்னா அவர்தான்.

இப்போ சுந்தர சோழர் கட்சி. கால் வராம படுத்திருக்கற ராஜாகிட்டே ஊர் நடப்பை ஒருத்தரும் நேராச் சொல்றதில்லே. இந்த ஃபிளாட்டுக்குத் தண்ணி லாரி வந்துச்சா இல்லையான்னு என்கிட்டே யாராச்சும் சொல்றீங்களா?

சினிமா இன்னும் மோசம். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி'ங்கிற பேர்லே விகடன்லே எழுதின 'தில்லானா மோகனாம்பா'ளை, ஏ.பி. நாகராஜன் 1968-லே படமாக்கினார். வேட்டுச் சத்தம் பொறுக்காம நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம் கச்சேரியை நிறுத்திட்டு எந்திரிப்பார் பாரு, கலைஞன்னா இப்படி இருக்கணும்னு அன்னைக்கு விசிலடிச்சேன். புள்ளைகுட்டி வந்தப்புறம் பார்த்தா, கண்ணு தவுல் வாசிக்கற பாலையாகிட்டேயே நிக்குது. இவர் பாட்டுக்கு ரோஷமா எந்திரிச்சுட்டார், தவுல்காரருக்குக் கூலி யாரு கொடுப்பா? சமீபத்திலே டிவியிலே போட்டான். வாணவேடிக்கை நல்லாத்தான் இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

அதே படத்திலே நாகேஷ் பண்ணின வைத்தியைப் பத்தி உன்கிட்டே வாயே திறக்கமாட்டேன். ஆபீஸ்லே ரெண்டு ப்ரமோஷன் வாங்கிட்டு நீயே பாரு. பார்த்துட்டுக் கண்ணாடிப் பக்கம் மட்டும் போகாதே.

'பொன்னியின் செல்வ'னை மணிரத்னம் எடுத்த ரெண்டு பாகத்தையும் பார்த்துட்டேன், கதைதான் தெரியுமேங்கிறே. கதை தெரியாதவன் அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டுவான். தெரிஞ்சவன்தான் மாட்டிக்குவான், ஜாக்கிரதை.

அப்படியும் படிச்சே தீருவேன்னா, என் அஞ்சு பாகத்திலே கை வைக்காதே. கல்கி எழுத்து நாட்டுடைமையாகி, ஆளாளுக்குப் பதிப்பு போட்டுட்டாங்க. துரைசாமி சப்வேயைத் தாண்டினா தி.நகர், சம்பாதிக்கற பய, புதுசா ஒரு செட்டு வாங்கு. எழுத்து பெருசா இருக்கறதாப் பார்த்து வாங்கு. முதல்லே நான் படிச்சுட்டுத் தர்றேன்.